இரைச்சல் நீக்கம்

ருவியில் எங்கள் கடைக்கு
எல்லா தெய்வங்களும் வாடிக்கை.
வெள்ளிக்கிழமை காலை பிலிப்பினோ ஜெபக்கூட்டம்:
எக்கோவைக் கொஞ்சம் கூட்டு என்பார் போதகர்,
எக்கோ கூடினால் கர்த்தர் பக்கத்தில் வருவாராம்.
மாலை வாதி கபீரில் குஜராத்திக் கல்யாணம்.
சனிக்கிழமை நம்மாட்கள்.

மேளக்காரருக்கு விசா கிடைக்காத முகூர்த்தங்களில்
ஐயர் விரலை ஆட்டுவார்,
நான் பொத்தானை அமுக்குவேன்.
'கெட்டிமேளம் கடைசி புதுசு இரண்டு'
என்று பெயர் வைத்த கோப்பு.
நாற்பத்தோரு நொடி.
இதுவரை அறுபத்துமூன்று தாலிக்கு
ஒரே தவில்காரர், ஒரே அடி,
இருபத்தேழாவது நொடியில் யாரோ இருமுவதும்
அதே இருமல்.
அந்த இருமலைக் கேட்டுத்தான்
இங்கே அறுபத்துமூன்று ஜோடி
புருஷன் பெண்டாட்டி.

அண்ணன் சங்கையா போனது ஒரு புதன்.
டிக்கெட் மறுநாளுக்குத்தான் கிடைத்தது,
சித்திரை வெயிலில் அதுவரை வைக்க முடியாது.
கிடங்கில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து
போனில் பார்த்தேன்.
ஏழு பேர் பறையடிக்கிறார்கள்.
குச்சி ஏறுகிறது, இறங்குகிறது,
தோள் குலுங்குகிறது, கால் மாறுகிறது,
சத்தம் இல்லை.
மதினி அழுவது மட்டும்
பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுபோல் துல்லியமாய்.
அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில்
ஒன்றுமே இல்லை,
கழுவித் துடைத்த ஒன்றுமில்லை.

அது என்னவென்று எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷத் தொழில்.
பேச்சை வைத்துக்கொள், மற்றதை நீக்கு என்று
போனுக்குள் யாரோ எழுதிவைத்த உத்தரவு.
மின்விசிறி, மிக்ஸி, லாரி ஹாரன், பறை.
அந்த செட்டிங்கை அணையுங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சாவு வீட்டில் அதை எப்படிச் சொல்ல?
சித்தப்பா பையன் கையில் போன் ஆடியது:
வானம், யாருடையவோ வேட்டி, மறுபடி வானம்.
அண்ணனைச் சத்தமில்லாமல்
தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறு மாதம் ஸூரில் ஒரு கல்யாணம்.
கடற்கரை மணலில் நாலு பெட்டி, பன்னிரண்டு மைக் இறக்கி
கேபிள் விரித்துக்கொண்டிருந்தேன்.
மர்ஹூன் வந்தான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
அன்றைக்கு முரசுகளுக்குத் தலைவன்.
பிளக்கைப் பிடுங்கி என் கையில் தந்தான்.
வாடகையை வாங்கிக்கொள், இது வேண்டாம்.
மைக் இருந்தால் ஜனங்கள் சுற்றி வருவதில்லை,
நின்று பார்க்கிறார்கள்.

பேரீச்ச மட்டை எரிந்துகொண்டிருந்தது.
முரசுகளைத் தீக்குச் சாய்த்து வைத்திருந்தார்கள்.
ஒன்றில் தோல் வாடை மாறியது.
இன்னும் காய்ந்தால் கிழியும்.
யாரும் கேட்காமல் போய்த் திருப்பி வைத்தேன்.

"உங்கள் ஊரிலும் இருக்கா?"
இருக்கு.
"எதுக்கு அடிப்பீர்கள்?"
என் கடை அரபியில்
பாக்கிக்குச் சொல் இருந்தது, நாளைக்கு இருந்தது,
சாவுக்கும் இருந்தது.
மாப்பிள்ளை மூன்றடி தள்ளி
அத்தர் மணக்க நிற்கிறான்.
எல்லாத்துக்கும், என்றேன்.

ஸுர்னாய் தொடங்கியது.
ஒருவன் தகர டின்னை அடித்தான்.
நின்று அடிக்கும் உயர முரசு
என் விலாவில் கேட்டது, பிறகுதான் காதில்.
அது எங்கள் அடி இல்லை.
எங்களுடையது விழுந்து எழும்,
இது விழவே மாட்டேன் என்கிறது.
வட்டத்தில் நுழைந்தேன்.
தப்பான காலை வைத்தேன்.
பின்னால் வந்த பையன்
முதுகில் தட்டிச் சரியான காலுக்குத் தள்ளினான்.

மூன்றாம் சுற்றில் மதினி போனில் வந்தாள்.
நாற்பதாம் நாள் செலவுக் கணக்கு.
எதுவும் சொல்லாமல் போனை முரசுக்கு நேரே திருப்பினேன்.
"என்ன கொழுந்தனாரே,
எல்லாரும் ஊமையா ஆடுறாங்க?"

மூன்று புள்ளி. அமைப்பு. ஒலி.
இரைச்சல் நீக்கம்: அணை.

ஆத்தாடி, என்றாள்.
போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள்.
முகம் சின்னதாகி, சுவரெல்லாம் தெரிந்தது,
மாலை காய்ந்த படம் தெரிந்தது.
கை வலித்திருக்கும்.
கணக்கைச் சொல்லவில்லை,
வைக்கவும் இல்லை.